நல்ல காளான்

அடைமழையில் சடையன் என்ற குரங்கின் குடும்பமே பட்டினி. மலைக்கு வந்த யாரோ தவறவிட்ட செல்போன் அவனிடம் இருந்தது. எதைக் கேட்டாலும் அது பதில் சொல்லும். ஒரு வெள்ளைக் காளானைப் பிடுங்கி வந்து, “நல்ல காளானைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?” என்று அதனிடம் கேட்டான்.

“நல்ல காளான் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்” என்றது போன்.

“பாத்தியா, நான் நினைச்சதையேதான் அதுவும் சொல்லுது!” என்று மனைவி செம்பியிடம் பூரித்துப்போனான்.

“அடியில பச்சையா இருக்கே, அதைச் சொன்னீங்களா?”

“எனக்குத் தெரியாத காளானா?”

“அப்போ முதல்ல நீங்க ஒரு வாய் தின்னுங்க.”

சடையன் காளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வயிறு கடமுடவென்றது. பிள்ளை ஆசையோடு கையை நீட்டியதும் காளானைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“எனக்கென்னவோ பசியே இல்ல” என்றான்.