பூஜ்யத்துக்கு ஒரு கேடயம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பூமி சூடாவதற்கும் இந்த எரிவாயு நிலையத்துக்கும் இனி யாதொரு சம்பந்தமும் இல்லை.

திறந்தவெளி மேடையில், மைக் பிடித்து, ஏறக்குறைய இப்படித்தான் அறிவித்தார்கள். மாலை ஆறரை மணி. இருட்டத் தொடங்கியிருந்தது.

அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உமிழ்வு அறிக்கை. அவள் தயாரித்தது.

சென்ற ஆண்டு வீணாக எரித்த வாயு: பூஜ்யம்.

கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. காலியாக இருந்தது.

மேடைக்குப் பின்னால், உயரக் கம்பத்தின் உச்சியில், மிஞ்சிய வாயு தீயாக எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நாளும் அணைந்ததில்லை. மழைக்காலத்தில் ஊர்ப் பெண்கள் ஈரத்துணியை நிலையத்தின் வேலியில்தான் காயப்போடுவார்கள்.

கம்பத்துக்குப் போகும் வாயுவை அளக்க ஒரு மீட்டர் உண்டு. பதினான்கு மாதங்களுக்கு முன் வயல் எலி ஒன்று அதன் ஒயரைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. மீட்டர் காட்டுவதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி.

நன்றியுரையில் எலியின் பெயர் விடுபட்டிருந்தது.

'மீட்டர் பழுது' என்று அவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். மேலாளர் அதை அடித்துவிட்டார். கோபப்படக்கூட இல்லை.

"மீட்டரே சைபர்ங்குது. நீ என்னம்மா, மீட்டர விடப் பெரிய ஆளா?"

அவளுடைய பணி நிரந்தர உத்தரவு அவர் மேசையில் கிடக்கிறது. அதிலும் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

டெல்லியிலிருந்து வந்த விருந்தினர் கேடயத்தின் மேலிருந்த பட்டுத்துணியை விலக்கினார். பச்சை இலை. நடுவில் பெரிய பூஜ்யம். அவருக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது. ஓடிப்போய் ஒரு ஃபேன் கொண்டுவந்து பின்னால் வைத்தார்கள்.

அவள் பெயரை அழைத்தார்கள்.

ஏறினாள். அறிக்கையை மேசையில் விரித்தார்கள். பேனா தந்தார்கள். போட்டோக்காரர் குனிந்தார்.

கரண்ட் போயிற்று.

மைக் செத்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. சீரியல் பல்புகள் மொத்தமாக அவிந்தன.

விழா நிற்கவில்லை. பின்னால் எரிந்த தீயில் கேடயம் செம்பொன்னாக மின்னியது. விருந்தினரின் நெற்றி வியர்வை துளித்துளியாகத் தெரிந்தது. மேலாளர் விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

கோடு தெரிந்தது.

அதற்கு மேலே பூஜ்யமும் தெரிந்தது.

அவள் பேனாவைத் திறக்காமல் நின்றாள்.

யாரும் விளக்கு கேட்கவில்லை.