மதிலில் விட்ட ஓட்டைகள்

மேட்டு வளவு நிலத்தின் மண் சரியாமலிருக்க, கட்டட வேலைகளைக் கொந்தராத்து எடுத்துச் செய்யும் உதுமாலெவ்வை சீமெந்துக் கல்லால் அணைமதில் எழுப்பிக்கொண்டிருந்தார். அட்டாளைச்சேனையிலிருந்து வந்து அந்த வளவைப் புதிதாக வாங்கியிருந்த முத்தலிப் ஹாஜியார் பள்ளத்து வீட்டைக் காட்டினார்.

“மதில்ல ஓட்டை வேணாம். தண்ணி கீழ் வீட்டுக்குள்ள போனா அவங்க சண்டைக்கு வருவாங்க.”

“ஓட்டை இல்லாட்டி ஊறின மண் மதிலத் தள்ளிப்போடும் ஹாஜியார். அவங்களோட நான் கதைக்கிறன்.”

ஹாஜியார் அரைமனதாகத் தலையாட்டினார்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருஷத்துக் கார்த்திகை மழை பகலையே இருட்டாக்கிக்கொண்டு பிடித்தது. மருதமுனையில் வேலையில் நின்ற உதுமாலெவ்வைக்குக் கை ஓடவில்லை. சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு, நனைந்தபடியே சைக்கிளை மிதித்தார். அத்திவாரம் ஆழம் போதுமா, தண்ணீர் வடியப் பின்பக்கம் போட்ட சல்லிக்கல் போதுமா என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

மதில் அசையாமல் நின்றது. ஓட்டைகளால் கலங்கல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

கீழ் வீட்டுக் குசினியில் அடுப்பு மூழ்க, முழங்கால் தண்ணீரில் நின்ற ஸுலைஹா அவரைக் கண்டதும் கொதித்தாள்.

“ஊரான்ட மதிலக் காப்பாத்திறதுக்கு, நம்மட சொந்த ஊட்டுக்குள்ளயே தண்ணிய உட்டுட்டீங்களே?”

உதுமாலெவ்வை மனைவியின் கையிலிருந்த வாளியை வாங்கினார்.

“தண்ணியெண்டா அள்ளி ஊத்தலாம் புள்ள. மதில் உழுந்திருந்தா, உங்களையெல்லாம் நான் எங்க தேடுவன்?”