இடது வெள்ளை, வலது வெள்ளை

“இது பால் வெள்ளைங்க. அது பழைய சோத்து வெள்ளை,” என்றாள் நவமணி, ஹால் சுவரைக் காட்டி.

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த அமிர்தலிங்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அழுக்கேறிய சுவரில் இரண்டு வெளிர் சதுரங்கள். “ரெண்டு சாம்பிள் அடிச்சு வைக்கிறேன், மத்தியானம் பார்த்துச் சொல்லுங்க” என்று காலையில் சொன்ன பெயிண்டர் சசிதரனை ஆளையே காணோம்.

இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சொட்டுப் பால்கூட இருக்காது. ஆனாலும் இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குக் குழம்பில் உப்புக் கேட்கக்கூட வாயிருக்காது என்று அமிர்தலிங்கத்துக்குத் தோன்றியது.

“வலது பக்கம்தான் கௌரவமா இருக்கு. பார்த்தாலே நெஞ்சு நிமிருது.”

“பெயிண்டைப் பார்த்து நெஞ்சு நிமிருதா? இடது பக்கத்தைப் பாருங்க, மனசுக்கு எவ்வளவு இதமா இருக்கு.”

“இதமா? எனக்கு மூச்சு முட்டுது லா.”

நவமணி இடது சதுரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். “வெளியே மூடுபனி. துணியே காயலை. இது காஞ்சிருச்சு. உசத்தி பெயிண்ட்டு.”

அமிர்தலிங்கம் விடுவாரா? வலது சதுரத்தைத் தடவினார். “என்னுதும்தான் காஞ்சிருக்கு.”

“இந்த வீட்டுல என்னைக்கு என் பேச்சு எடுபட்டிருக்கு? அந்தக் கலரை அடிச்சீங்கன்னா நான் பிரிஞ்சாங்குல அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“போயேன். லோரி பிடிச்சுத் தரட்டுமா?”

நவமணி பையை எடுத்து, புடவைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். அவள் இல்லாத வீட்டுக்கு எந்த வெள்ளை அடித்தால் என்ன? ‘போகாதே’ என்று சொல்லிவிடலாம்தான். பாழாய்ப்போன வாய் திறக்க மறுத்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சசிதரன் புது பிரஷ்ஷோடு உள்ளே வந்தான்.

“தம்பி, நீயே சொல்லு,” என்று அவனைப் பிடித்துக்கொண்டார் அமிர்தலிங்கம். “நீ அடிச்ச ரெண்டுல எது நல்ல கலர்?”

சசிதரன் சுவரைப் பார்த்தான். பையைப் பார்த்தான்.

“நான் இன்னும் டின்னையே தொறக்கலைண்ணே. செவுத்துல மாட்டியிருந்ததைக் கழட்டி வச்சிட்டு பிரஷ் வாங்கப் போயிட்டேன்,” என்றான். “உங்களுக்குப் புடிச்ச இடத்துல எஸ்டேட்டுல கொடுத்த சர்டிபிகேட் இருந்துச்சு. அக்கா சொல்ற இடத்துல உங்க கல்யாணப் போட்டோ.”