ஐம்பது வருஷச் சுவர்

“சீமெந்தால ஒட்டுற கல் எனக்கு வேண்டாம், தம்பி. இந்தக் குளிருக்குள்ள அது இறுகாது,” என்றாள் சிவனேஸ்வரி.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் கட்டடச் சாமான் விற்கும் சுஜீத் சிரித்தான். “ஏப்ரல் மட்டும் பொறுத்தீங்களெண்டால் மலிவாய் முடிக்கலாம், அன்ரி.”

“பொறுக்க ஏலாது. தையில கலியாணம். மாப்பிள்ளை பகுதி வரேக்க வீட்டு முன்சுவர் வடிவாய் இருக்கவேணும்.”

“அப்ப இந்தக் கல் பேனலை எடுங்கோ. சீமெந்தே தேவையில்லை, ஸ்க்ரூவால பூட்டுறது. பின்னால இடைவெளி இருக்கிறதால தண்ணி தங்கி உறைஞ்சு கல் வெடிக்காது. இருபது வருஷ உத்தரவாதம்.”

சிவனேஸ்வரி பேனலை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“அதைவிடக் கூட இல்லையோ?”

“ஐம்பது வருஷத்துக்கும் இருக்கு. விலை நல்லாக் கூட.”

“அதையே தாரும்.”

சுஜீத் பில் எழுதியபடி, அவள் பக்கத்தில் நின்ற மகள் கம்சிகாவைப் பார்த்தான். “வாழ்த்துக்கள் தங்கச்சி! உங்கட கலியாணத்துக்கு அம்மா ஒண்டிலயும் குறை வைக்கமாட்டா போல.”

“எனக்கில்லை அண்ணா. நான் கலியாணம் கட்டி எட்டு வருஷம்.”

சுஜீத்தின் பேனா நின்றது.

“ஐம்பது வருஷம் எண்டதை வடிவாய் எழுதும், தம்பி,” என்றாள் அறுபத்தொரு வயது மணப்பெண்.