அப்பா சட்டை போட்ட பொம்மை

தணிகாசலத்தின் தோட்டத்தில் தக்காளி பழுத்தால் போதும், காக்கைகள் வந்து கொத்திவிடும். மருந்து அடிக்க அவருக்கு மனமில்லை. வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, பழைய பானையைத் தலையாகக் கவிழ்த்து, செத்துப்போன தன் அப்பாவின் சட்டையை மாட்டி, பாத்தி நடுவில் நிறுத்தினார்.

அமாவாசை வந்தது. மதில்மேல் இலை போட்டு, சோறும் வடையும் வைத்து, "கா, கா, வாங்கப்பா" என்று கூப்பிட்டார். காக்கை வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருந்த கிழட்டுக் காக்கையோ அசையவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

"பயந்துட்டே. நான் நிக்கிற வரைக்கும் நீ இறங்க மாட்டே" என்றது பொம்மை.

"உனக்கா பயப்படுவேன்? நேத்து உன் தலையிலதான் எச்சம் போட்டேன்."

"அப்புறம் ஏன் வரலே? பாவம், அப்பா அப்பான்னு உருகுறாரு."

"மதில்மேல உட்கார்ந்தா நான் அவனுக்கு அப்பா. கீழே பாத்தியில இறங்கினா திருடன். அந்த அப்பாவை விரட்டறதுக்கு அப்பாவோட சட்டையே."

பொம்மைக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாயை அடக்கிப் பேசு. இது பெரியவர் போட்டிருந்த சட்டை."

"தெரியும். அதுக்குள்ள பெரியவர் இருந்தப்பவும் இந்த வெயில்லதான் எங்களை விரட்ட நிறுத்தி வச்சிருந்தான். 'சாப்பிட வாங்கப்பா'ன்னு ஒருநாளும் கூப்பிட்டு நான் கேட்டதில்லே."