பிரண்டைச் சாறு வென்ற களம்

மனித குலத்தின் மிகப் பழைய போர் இன்றோடு முடிந்தது என்று ஆய்வகத்தின் இயக்குநர் டாக்டர் வேதமூர்த்தி நிருபர்களிடம் அறிவித்தார். போர்க்களம் இட்லி அளவே உள்ள ஒரு கண்ணாடித் தட்டு. எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அதில் பாய் விரித்ததுபோல் பரவியிருந்தது. மருந்தை மட்டும் வைத்த இடத்தில் கூச்சமே இல்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தது. மருந்தோடு பிரண்டைச் சாறும் சேர்த்த இடத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகத் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருந்தது. இந்த முறையும் தோற்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடு என்று எச்சரிக்கப்பட்டிருந்த மாணவி ஜெசிந்தா, அந்த வட்டத்தைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள்.

"பிரண்டையா, துவையலோட நிறுத்திக்கோன்னு சொன்னீங்களே சார்!"

"நானா? ஜெயிக்கும்னு அப்பவே சொன்னேனேம்மா!" இயக்குநர் கேமராவுக்கு நேராக நிமிர்ந்தார். "இவ்வளவு கொடூரமான கிருமிய எந்த ஆஸ்பத்திரில பிடிச்சோம், இவங்களுக்குச் சொல்லு."

"ஆஸ்பத்திரி இல்ல சார். போன மாசம் இங்க வேலை செய்றவங்க எல்லார் மூக்குலயும் பஞ்சு விட்டு எடுத்தோமே, அதுல கிடைச்சது."

"அடேயப்பா! யாரு அந்தப் புண்ணியவான்?"

அது இயக்குநரின் இடது மூக்கில் எடுத்தது.