ஸ்டார்லைனுக்குத் தீர்ப்பு

இசக்கிசெல்வி பஸ்ஸில் ஏறியதும் உள்ளே இருந்த நாற்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ரசிகர் சங்கத் தலைவர் ஒச்சப்பன் முன் சீட்டிலிருந்து எழுந்து வந்தார். மட்டாஞ்சேரி மசாலா குடோனில் மூட்டை தூக்குகிறவர். கனத்த உடம்பு, தணிந்த குரல்.

"இது ஸ்டார்லைன் ரசிகர்களுக்காக வாடகைக்குப் பிடிச்ச பஸ். நீ இறங்கு."

செல்வி சேலைக்கு மேல் போட்டிருந்த கிளப்பின் மஞ்சள் ஜெர்ஸியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

கொச்சங்காடி ஸ்டார்லைன் சின்ன கால்பந்து கிளப்தான். ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதன் மேட்ச்தான். ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று லீக்கில் ஒரு விதி. ஸ்டார்லைன் அதை மீறி, கூடுதல் பணத்தை ரகசியமாகக் கையில் கொடுத்து, பொய்க் கணக்கு காட்டியது என்பது குற்றச்சாட்டு. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கிளப் செக்ரட்டரி சத்தியம் செய்தார். எல்லோரும் நம்பினார்கள்.

அசல் கணக்கு நோட்டை லீக் கமிட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது, கிளப்பில் பதினோரு வருஷம் கிளார்க்காக இருந்த இசக்கிசெல்விதான். எதிர் கிளப் அவளுக்கு நல்ல தொகை கொடுத்துவிட்டதாகப் பேச்சு. ஆறு வாரமாக அவளோடு யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு மேட்சுக்கும் கேலரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கடலை தின்ற பேச்சிகூடப் பேசவில்லை.

அன்றைக்குத் தீர்ப்பு. பஸ் காக்கநாட்டில் இருக்கும் லீக் கமிட்டி ஆபீஸுக்குக் கிளம்பியது. கிளப்பின் லைசென்ஸை ரத்து செய்தால் அந்த ஆபீஸை விட்டு யாரும் நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். இரண்டு நாளைக்குத் தாங்குகிற மாதிரி துணியும் பாயும் பஸ்ஸில் இருந்தன.

அவர்கள் போய் இறங்கி அரை மணி நேரத்தில், வேறு பஸ் மாறி மாறி செல்வியும் வந்து சேர்ந்தாள். உள்ளே வராமல் கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பேச்சி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் கமிட்டித் தலைவர் தீர்ப்பைப் படித்தார். நாலு வருஷமாகப் பொய்க் கணக்கு காட்டியது உண்மை. இதற்குத் தண்டனை லைசென்ஸ் ரத்து.

ஒச்சப்பன் முன்னால் இருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கமிட்டித் தலைவர் தொடர்ந்தார். விசாரணை தொடங்கும் முன்பே கிளப்பைச் சேர்ந்த ஒருவர் தானாக வந்து உண்மையைச் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் லைசென்ஸை ரத்து செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் ஒன்பது புள்ளிகள் கழிக்கப்படும், அபராதமும் உண்டு. ஆனால் ஸ்டார்லைன் ஆடலாம்.

ஹாலில் எழுந்த சத்தத்தில் அடுத்த வரி பலருக்குக் கேட்கவில்லை. பேச்சிக்குக் கேட்டது. செக்ரட்டரியும், கணக்கில் கையெழுத்துப் போட்ட கிளார்க் இசக்கிசெல்வியும் ஐந்து வருஷத்துக்கு லீக்கின் எந்த மைதானத்துக்குள்ளும் நுழையக்கூடாது.

பேச்சி வேகமாக கேட்டுக்குப் போனாள்.

"உன் கையெழுத்தும் மாட்டும்னு தெரிஞ்சுதான் நோட்டைக் கொடுத்தியா?"

"தெரியும். செக்ரட்டரி சொன்னபடி எழுதி நான்தானே கையெழுத்துப் போட்டேன், தப்பு எனக்கும் இருக்கு. இந்த வருஷம் கமிட்டி எல்லாக் கிளப்போட பேங்க் கணக்கையும் கேட்டிருந்தது. அவங்களா கண்டுபிடிச்சா கிளப்பே இருக்காது பேச்சி. விதிப் புத்தகத்தை மூணு தடவை படிச்சேன். நாமளா போய்ச் சொன்னா மட்டும்தான் வழி."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னைப் போகவிட்டிருப்பீங்களா?"

 பேச்சிக்குப் பின்னாலேயே ஒச்சப்பனும் வந்து நின்றிருந்தார். மன்னிப்பு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பஸ் கிளம்புகிறது, வந்து ஏறு என்று மட்டும் சொன்னார். தன் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு மட்டாஞ்சேரி வரை நின்றுகொண்டே வந்தார்.

இரண்டு வாரம் கழித்து சீசனின் முதல் மேட்ச். அபராதம் கட்ட கிளப்புக்குப் பணம் வேண்டும் என்று ரசிகர் சங்கம் வீடு வீடாகப் போய் டிக்கெட் விற்றது. ஸ்டார்லைன் ரசிகர்கள் உட்காரும் கிழக்குக் கேலரியின் நானூறு டிக்கெட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை.

மஞ்சள் ஜெர்ஸியில் ஓடி வந்த ஆட்டக்காரர்கள் கிழக்குப் பக்கம் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கேலரியில் ஒரு ஆள்கூட இல்லை.

நானூறு பேரும் மைதானத்து மதிலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், கிழிக்காத டிக்கெட்டோடு நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் இசக்கிசெல்வி.

உள்ளே விசில் ஊதும் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது, எல்லாரும் உள்ளே போங்கள் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

"இங்கே நின்னா என்ன தெரியும் ஒச்சப்பண்ணே?"

ஒச்சப்பன் மதிலில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

"எதிர்க் கேலரி சத்தம் அடங்கினா நம்ம பசங்க கோல் போட்டாச்சுன்னு அர்த்தம். அஞ்சு வருஷத்துக்கு எங்களுக்கு அது போதும் செல்வி."